எருக்குழி ஓரத்துக் கதிர்

விதைத் திருவிழாக்களில் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு முறையும் என் மனத்துக்கு ஒப்பாமல் போகும் வாக்கியம் ஒன்று உண்டு. “நம் உழவர்கள் விதைகளைக் காப்பாற்றித் தந்தார்கள்” என்பதே அது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இத்தகைய திருவிழாக்கள் புதியவை அல்ல. நாட்டு நெல் ரகங்களைச் சிறு சட்டிகளில் பரப்பி, ஒவ்வொன்றின் முன்னும் கையால் எழுதிய பெயர்ச்சீட்டைச் செருகி வைத்திருப்பார்கள். மேடையில் பேசுபவர் எத்தனை ரகங்கள் மீட்கப்பட்டன என்ற எண்ணிக்கையைச் சொல்வார், கைதட்டல் எழும். வேளாண் கண்காட்சிகளுக்குப் போனால் அரங்கில் நிற்கும் விஞ்ஞானியும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: “நீங்கள் காத்து வைத்தீர்கள், அதிலிருந்து நாங்கள் நல்ல ரகங்களை உருவாக்கினோம்.” இயற்கை வேளாண் ஆர்வலரும் ஆய்வு நிலைய விஞ்ஞானியும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒன்றில் மட்டும் உழவருக்குக் காவல்காரர் வேலையை ஒதுக்குவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

காத்தவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 ரகங்களைச் சேர்த்துப் பரப்பியது தனியொரு மனிதரின் உழைப்பு என்று நம்பக் கடினமானது. மண்டியா மாவட்டம் கிருகாவலு கிராமத்தில் சையத் கனி கான் 700க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை ஆண்டுதோறும் சிறு சிறு பாத்திகளில் விதைத்து உயிரோடு வைத்திருக்கிறார். ஆனால் அந்த 174 ரகமும் 700 ரகமும் எங்கிருந்து வந்தன? எப்போதோ ஒரு வயலில் எவரோ ஒருவர், மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நின்ற ஒரு கதிரைப் பார்த்து, அதைத் தனியே அறுத்து, அடுத்த பருவத்தில் தனியே விதைத்ததால் வந்தவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதைச் செய்தவரை உருவாக்கியவர் என்று ஒப்புக்கொண்டு, இன்று அதையே செய்பவரைக் காப்பாளர் என்று அழைப்பது எனக்கு விளங்கவில்லை. இடையில் எந்த ஆண்டில் அந்த வேலை அவர் கையிலிருந்து போயிற்று?

இது வெறும் பட்டத்தைப் பற்றிய சண்டை என்றால் விட்டுவிடலாம். இயற்கை வேளாண்மைக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. உரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் செய்யும் முதல் வேலை, ஒரு வயலுக்கும் இன்னொரு வயலுக்கும் உள்ள வேறுபாட்டை அழிப்பது. மேட்டுநிலம், பள்ளம், செம்மண், சுண்ணாம்புக்கல் கலந்த மண் எல்லாவற்றையும் ஓரளவுக்கு ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், எல்லா இடத்துக்கும் ஒரே ரகம் போதும். அந்த இடுபொருள்களை விட்டுவிட்ட உழவருக்கு வயல்கள் மீண்டும் வெவ்வேறாகிவிடுகின்றன. ஈடுகொடுக்கும் பொறுப்பு முழுவதும் விதையின் தலையில் விழுகிறது. தழைச்சத்து சீராகக் கிடைக்கும் ஆய்வு நிலையப் பாத்தியில் முதலிடம் பெற்ற ரகம், தொழுவுரம் மட்டும் கண்ட மானாவாரி நிலத்திலும் முதலிடம் பெறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சிரியாவில் பார்லியை வைத்துப் பயிர் விஞ்ஞானி சால்வதோரே செக்கரெல்லி பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளின் சாரம் இதுதான். ஆயினும் இயற்கை வேளாண் சாகுபடியில் 95 விழுக்காட்டுக்கும் மேல், உரமிட்ட நிலத்துக்கென்று உருவாக்கிய ரகங்களையே நம்பியிருப்பதாக ஐரோப்பியப் பயிர் ஆய்வாளர்கள் 2011இல் மதிப்பிட்டார்கள். இயற்கை வேளாண் விளைபொருளுக்கான நம் நாட்டு அங்ககச் சான்று விதிகளும், இயற்கை முறையில் விளைந்த விதை கிடைக்காவிட்டால் மருந்து நேர்த்தி செய்யாத சாதாரண விதையைப் பயன்படுத்தலாம் என்று இடம் தருகின்றன. நடைமுறையில் அந்த விதிவிலக்குதான் பலருக்கு விதியாக இருக்கிறது. கடையில் அங்ககச் சான்று முத்திரையோடு நாம் வாங்கும் பொருளின் விதை எந்தச் சூழலில் தேர்வானது என்பதை அந்த முத்திரை சொல்வதில்லை.

ஜூலையில் கிடைக்கும் அவரேகாய்

இதை எனக்கு முதலில் உணர்த்தியது நெல்லோ ராகியோ அன்று, மொச்சை. பெங்களூர்த் தமிழர்கள் நாங்கள் அதை அவரேகாய் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மார்கழி பிறந்தால் இந்த ஊர் முழுவதும் அதன் வாசனை. வி.வி.புரத்தில் அவரேகாய் மேளா களைகட்டும். மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வீடுகளில் பெண்களும் ஓய்வுபெற்ற ஆண்களும் உட்கார்ந்து ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தால் மாடிப்படியிலேயே தெரிந்துவிடும். காயின் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒன்று சுரக்கும். சொகடு என்று கன்னடத்தில் சொல்லும் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. உரித்து முடித்தபின் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் காயை உடைத்துப் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பார்க்கிறார்கள்.

இப்போது அவரேகாய் ஜூலையிலும் கிடைக்கிறது, மார்ச்சிலும் கிடைக்கிறது. பழைய நாட்டு ரகங்கள் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூக்கும். எந்த மாதத்தில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை வரை கொடி வீசிக்கொண்டிருக்கும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹெப்பாள் அவரே-3, ஹெப்பாள் அவரே-4 ஆகிய ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடி ஓடாமல் குத்துச் செடியாக நின்று, ஆண்டின் எந்தப் பருவத்திலும் குறுகிய நாட்களில் ஒருசேரக் காய்த்துவிடும். நீர்ப்பாசனம் உள்ள உழவருக்கு இது பெரிய உதவி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜூலையில் வாங்கிய காயில் சொகடு மிகவும் மெலிந்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், “பனி விழணும் சார்” என்றார். பனிக்கும் பங்கு இருக்கிறது. எனினும் பனிக்காலத்தில் நாட்டுக் காயையும் புதிய ரகத்துக் காயையும் அருகருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தபோதும் வேறுபாடு தெரிந்தது.

வாசனையைவிட முக்கியமான இன்னொன்றை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பகுதியில் அவரை, அதாவது இதே மொச்சை, தனிப்பயிரே அன்று. ராகி விதைக்கும்போதே சில சாலுக்கு ஒரு சால் அவரை, பேய் எள், ஆமணக்கு, சோளம் என்று கலந்து போடுவார்கள். அக்கடிச் சாலு என்பது அதன் பெயர். ஆடியில் ராகியோடு முளைக்கும் அவரை, ராகி வளரும் வரை அடங்கி நிற்கும். கார்த்திகையில் ராகிக் கதிர் அறுபட்டு வெளிச்சம் கிடைத்ததும், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டு படர்ந்து காய்க்கும். ஆக, பூக்காமல் காத்திருப்பதுதான் அந்த ரகத்தின் சிறப்பே. நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகத்தை இதே சாலில் விதைத்தால் ராகியின் நிழலுக்குள், மழைக்கு நடுவே பூத்து, பூவும் உதிர்ந்து, தப்பிய காயையும் காய்ப்புழு தின்று முடிக்கும். மருந்தடிக்காத நிலத்தில் வேறெதுவும் நடக்க வழியில்லை. ஆய்வு நிலையம் குறையாகக் கண்டு நீக்கிய பண்பு, கலப்புப் பயிர் செய்யும் உழவருக்குத் தேவையான பண்பு. எந்தப் பண்பு குறை, எது நிறை என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பயிர்ப்பெருக்கத்தின், அதாவது புதிய ரகங்களை உருவாக்கும் வேலையின், முழு அரசியலும் அடங்கியிருக்கிறது.

வயலில் எடுத்த விதை

எங்கள் குடியிருப்பில் சில குடும்பங்கள் சேர்ந்து ஆனேக்கல் தாலுகாவில் இரண்டு மூன்று உழவர்களிடம் நேரடியாக ராகியும் அவரேகாயும் வாங்குகிறோம். அவர்களில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் சந்தையில் தெலுங்கும் பேசுபவர், ஓசூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் இது சாதாரணம். ஏறக்குறைய மூன்று ஏக்கர், மானாவாரி. அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். அவர் பழைய சேலையைக் கிழித்துக் கீற்று கீற்றாக இடுப்பில் செருகிக்கொண்டு ராகிக்குள் நடந்துகொண்டிருந்தார். சில கதிர்களின் காம்பில் ஒரு கீற்றைக் கட்டினார். பலவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். விதைக்கு எடுப்பவை என்று புரிந்தது. நானும் உதவலாம் என்று பார்த்தபோது, வரப்போரமாக எருக்குழிக்குப் பக்கத்தில் இருந்த கதிர்கள் கண்ணைப் பறித்தன. ஒவ்வொன்றும் கை நிறையும் பருமன், ஒரு விரல் குறையாமல் திரண்டவை. “அம்மா, நல்ல கதிரெல்லாம் இங்கே இருக்கே” என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “எருக்குழி ஓரத்துல நின்னா குச்சிகூடக் கொழுக்கும் தம்பி. நடுவயல்ல நெருக்கத்துல நின்னு, எதுவும் கெடைக்காம தெரண்டிருக்கு பாரு, அதுதான் அதோட சொந்தப் பலம்” என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ஒரு பதில்தான். பயிர்ப்பெருக்க வகுப்பில் முதல் ஆண்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: ஒரு செடி நன்றாக இருப்பதற்கு அதன் மரபு காரணமா, நின்ற இடம் காரணமா என்று பிரித்தறிய வேண்டும், இடத்தால் வந்த நலம் விதையில் இறங்காது. அதற்காகத்தான் சோதனைப் பாத்திகளின் ஓர வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிறந்ததை எடுக்கும் முறையைத் தனியாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா எந்த வகுப்புக்கும் போனவரல்லர். ஆனால் வயலின் நாலு மூலையிலும் நடுவிலுமாக, அந்தந்த இடத்துக்குள் எது தேறி நிற்கிறதோ அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். விரல்கள் உள்நோக்கி மடங்கி முஷ்டி போல மூடிய கதிர்களையும் விட்டுவிட்டார். கேட்டதற்கு, அறுக்கும் சமயத்தில் புயல் மழை வந்தால் மூடிய கதிருக்குள் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், விரிந்த கதிர் ஒரு வெயிலில் காய்ந்துவிடும் என்றார். பின்பனிக் காலத்துக்கும் தாள் வேண்டும் என்பதால் குட்டைச் செடிகளும் தேறவில்லை. வீட்டில் இரண்டு மாடுகள் இருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும்போது தாளின் கணுவை நகத்தால் கீறிப் பார்த்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

களத்தில் அடித்துக் குவித்தபின் குவியலிலிருந்து விதைக்கு எடுப்பவரை நான் காப்பாளர் என்று ஒப்புக்கொள்கிறேன். குவியலில் எல்லாச் செடியும் கலந்துவிடும். எந்த மணி எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாது. நின்ற பயிருக்குள் நடந்து, செடியைச் செடியாகப் பார்த்து, ஒரு நோக்கத்தோடு எடுப்பவர் ஆண்டுக்கு ஆண்டு அந்த ரகத்தை ஒரு திசையில் நகர்த்துகிறார். அந்த அம்மாவின் ராகி அவருடைய மாமியார் கொடுத்தது. கூடவே, இடையில் ஒரு வறட்சி ஆண்டில் சந்தையில் வாங்கிய வேறு ராகியும் கலந்திருக்கிறது என்று அவரே சொன்னார். இன்று அதற்கு என்ன பெயர் சொல்வது? மாமியாருடைய ரகம் என்று சொன்னால் அவருடைய இத்தனை ஆண்டுத் தேர்வு கணக்கில் வராது.

கைக்கடிகாரத்தின் பெயர்

என் அப்பா ஜாலஹள்ளி எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஒரு கடிகாரம் நம்பகமானது என்பதற்கு அந்த மூன்றெழுத்தே போதும். இன்று தொழிற்சாலை இல்லை. எங்கள் தெருமுனைக் கடையில் அதே மூன்றெழுத்து அரிசி மூட்டையில் இருக்கிறது. எச்.எம்.டி. அரிசி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அது ஏதோ நிறுவனத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேட் என்ற சிற்றூரில், மிகச் சிறிய நிலம் வைத்திருந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடே 1983இல் தம் வயலில் பட்டேல்-3 என்ற நெல்லுக்கு நடுவே வேறு நிறத்தில் நின்ற சில கதிர்களைக் கண்டார். அவற்றைத் தனியே விதைத்து, பல பருவங்கள் தேர்ந்தெடுத்துச் சன்ன மணியும் நல்ல சாப்பாட்டுத் தரமும் விளைச்சலும் உள்ள ரகமாக நிலைப்படுத்தினார். விதை ஊர் ஊராகப் பரவியபோது அதற்குப் பெயர் இல்லை; வாங்கி விற்ற வியாபாரி, அப்போது செல்வாக்கோடு இருந்த கடிகாரத்தின் பெயரை வைத்துவிட்டார். பிறகு வேளாண் பல்கலைக்கழகம் அதே நெல்லைத் தூய்மைப்படுத்தி பி.கே.வி-எச்.எம்.டி. என்று வெளியிட்டது. அந்தத் தூய்மைப்படுத்தலுக்கும் ஒரு மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோப்ரகடே செய்தது தேர்வு மட்டுமே, பயிர்ப்பெருக்கம் ஆகாது என்ற வாதம் எழுந்ததே, அதுதான் எனக்கு எரிச்சல் தருவது. பல்கலைக்கழகங்கள் நாட்டு ரகங்களிலிருந்து தனிவழித் தேர்வு மூலம், அதாவது தனிச் செடிகளைப் பொறுக்கி அவற்றின் சந்ததியை மட்டும் பெருக்கி, எடுத்த ரகங்களைத் தங்கள் சாதனைப் பட்டியலில் பெருமையோடு அச்சிடுகின்றன. அங்கே அது பயிர்ப்பெருக்கம். கோப்ரகடே 2018 ஜூனில் காலமானார்; கடைசி ஆண்டுகளில் மருத்துவச் செலவுக்கே திண்டாடினார் என்று செய்தித்தாள்களில் படித்தோம். எங்கள் தெருமுனைக் கடையின் எச்.எம்.டி. மூட்டையில் அவர் பெயர் இல்லை.

கலவன் கணக்கு

உழவர் செய்வதைப் பயிர்ப்பெருக்கம் என்று ஒப்புக்கொள்ள நம் விதை அமைப்புக்கு உள்ள தயக்கத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது: சீர்மை. விதைச் சான்றுக்காக வயலாய்வுக்கு வருபவர் முதலில் எண்ணுவது கலவன்களை. உயரம் மாறி நிற்பது, முன்கூட்டிப் பூப்பது, நிறம் வேறுபடுவது எல்லாம் கலவன். பிடுங்கி எறிய வேண்டும். ரகத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றாலும் அது மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், தனக்குள் சீராக இருக்க வேண்டும், தலைமுறைதோறும் மாறாமல் நிற்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் தொழிற்சாலைப் பொருளுக்குப் பொருத்தமானவை. மருந்தில்லாமல் குலைநோயையும் தாமதமான மழையையும் எதிர்கொள்ளும் வயலில், எல்லாச் செடியும் ஒரே நாளில் பூப்பது நல்லதா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உலகின் பல நாட்டுச் சட்டங்களைவிட நல்ல சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாதுகாக்கப்பட்ட ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. உழவர் ரகங்களையும் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. சீர்மையிலும் சலுகை காட்டியிருக்கிறார்கள்: உழவர் ரகத்தில் வழக்கமான வரம்பைப் போல் இருமடங்கு கலவன் இருக்கலாம். முதன்முதலில் இதைப் படித்தபோது தாராள மனம் என்று தோன்றியது. யோசிக்க யோசிக்க, அந்த இருமடங்குதான் உறுத்துகிறது. அதே தேர்வை வைத்து, சற்றுக் குறைந்த மதிப்பெண்ணில் தேர்ச்சி கொடுப்பது போன்றது அது. வேறுபாடு குறை என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. மன்னிப்பின் அளவு மட்டும் கூடியிருக்கிறது. ஆனேக்கல் அம்மாவின் ராகியில் கலவன் எண்ணப் போனால் இருமடங்கு என்ன, பத்து மடங்கிலும் அடங்காது.

வேறு வழியே இல்லை என்றால் பேசாமல் இருக்கலாம். 1920களின் இறுதியில் 28 பார்லி ரகங்களை ஒன்றோடொன்று ஒட்டுச் சேர்த்து (ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் ஏற்றி), எல்லாவற்றின் சந்ததியையும் ஒன்றாகக் கலந்து, கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் விதைத்து அறுத்து வந்தார்கள். எதையும் கையால் தேர்ந்தெடுக்கவில்லை. வயலே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டார்கள். 1956இல் காய்ட் சுனேசன் என்ற ஆய்வாளர் இதைப் பரிணாமப் பயிர்ப்பெருக்க முறை என்று பெயரிட்டு எழுதினார். பின்னர் செக்கரெல்லி ஈரானிய உழவர்களிடம் பார்லி, கோதுமைக் கலவைகளைக் கொண்டு சேர்த்தது இந்த வழியில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல், இயற்கை வேளாண்மைக்கென்று வேறுபாடு நிறைந்த பயிர்த்தொகுதிகளைச் சீர்மைச் சோதனை இல்லாமல், அறிவிப்புக் கொடுத்து விவரம் எழுதி, விதையாக விற்கலாம் என்று வழி திறந்துவிட்டது. அதாவது கலவன் நிறைந்த வயலைக் கலவன் நிறைந்தது என்றே சொல்லி விற்கலாம். ஒரே சாலில் நாலு பயிரைக் கலந்து விதைத்த நாட்டில் இத்தகைய ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பது வேடிக்கையாக இருக்கிறது.

உழவரால் ஆகாதது

இத்தனையும் எழுதிவிட்டு, ஆய்வு நிலையமே வேண்டாம் என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். ராகியில் உழவரால் எளிதில் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு; ஒட்டுச் சேர்ப்பது. ராகிப் பூ மிகச் சிறியது. விடியலுக்கு முன்பே விரிந்து, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் கருவுற்றுவிடும். இயற்கையாக அயல் மகரந்தம் ஏறுவது நூற்றில் ஒன்றுதான் இருக்கும். அதனால் இரண்டு ராகியைக் கலந்து விதைத்தால் பல ஆண்டுகளுக்கும் அவை கலவையாகத்தான் இருக்கும், கலப்பாக மாறாது. அவரையில் தேனீ வருவதால் கொஞ்சம் கலப்பு நடக்கும்; ராகியில் அந்த அதிர்ஷ்டமும் குறைவு. மண்டியாவில் ராகி விஞ்ஞானி லட்சுமணய்யா ஆப்பிரிக்க ராகியையும் இந்திய ராகியையும் ஒட்டுச் சேர்த்து இண்டாஃப் வரிசை ரகங்களைக் கொடுத்தது இந்தத் தடையை மீறித்தான். பச்சைத் தாய்க்கு ஊதாநிறத் தந்தை என்று வைத்துக்கொண்டு, நாற்றின் நிறத்தைப் பார்த்து உண்மையான ஒட்டைக் கண்டுபிடித்தார்கள். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.யு-28 குலைநோயைத் தாங்கும் ரகம். எனக்குத் தெரிந்த இயற்கை உழவர்கள் பலர் அதைத்தான் விதைக்கிறார்கள், எந்த வெட்கமும் இல்லாமல். குலைநோய் வந்த ஆண்டில் கதிரின் கழுத்தே கறுத்து ஒடிந்து, மணியில்லாத பதரை அறுத்தவர்களிடம் நாட்டு ரகத்தின் பெருமையைப் பேச எனக்குத் துணிவு வராது.

எனவே வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம் எது என்பதுதான் கேள்வி. இப்போதுள்ள முறையில் நிலையம் ஒட்டுச் சேர்த்து, ஏழெட்டுத் தலைமுறை தன் பாத்தியிலேயே தேர்ந்தெடுத்து, சீராக்கி, முடிந்த ரகத்தை உழவரிடம் கொடுக்கிறது. ஒட்டுக்குப் பின் இரண்டாம் தலைமுறையில்தான் பண்புகள் பிரிந்து, உயரம், குட்டை, விரிந்த கதிர், மூடிய கதிர் என்று எல்லாச் சேர்க்கையும் வெளிப்படும். அங்கேதான் கண்ணுக்கு வேலை. அந்தத் தலைமுறையையே உழவரின் வயலுக்குக் கொண்டுவந்தால், தேர்வு உழவரின் மண்ணில், உழவரின் எருவில், உழவரின் தேவைப்படி நடக்கும். இது கற்பனை அன்று. ராஞ்சியின் பிர்சா வேளாண் பல்கலைக்கழகமும் உடன் உழைத்தவர்களும் களிங்கா-3, ஐ.ஆர்.64 இரண்டின் ஒட்டுச் சந்ததியிலிருந்து மேட்டுநில உழவர்களோடு சேர்ந்து எடுத்த அசோகா 200எஃப், அசோகா 228 நெல் ரகங்கள் கிழக்கிந்திய மானாவாரி நிலங்களில் இப்படித்தான் பரவின. இயற்கைப் பருத்தியிலும் மத்தியப் பிரதேசத்தில் உழவர் பங்கேற்புப் பயிர்ப்பெருக்கத்திலிருந்து ஆர்.வி.ஜே.கே-எஸ்.ஜி.எஃப் என்ற வரிசையில் ரகங்கள் வெளிவந்திருக்கின்றன, மரபணு மாற்றிய பி.டி. விதை ஏறக்குறைய முழுச் சந்தையையும் பிடித்துவிட்ட பயிரில் வேறு வழியில் விதை கிடைக்காது என்ற நெருக்கடியே அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

செலவு யாருடையது என்ற கேள்வியை யாரும் தொடுவதில்லை. மூன்று ஏக்கர் மானாவாரியில் கால் ஏக்கரைப் பிரிந்து விளையும் தலைமுறைக்கு ஒதுக்கினால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அதில் பாதிச் செடி உருப்படாது. நிலையத்தில் அந்த நட்டத்தை அரசு ஏற்கிறது. உழவர் வயலில் அது உழவரின் களியிலிருந்து குறையும். எங்கள் வாங்கும் குழுவில் இதைப் பேசினோம். அந்தக் கால் ஏக்கரில் என்ன விளைந்தாலும், நிறம் கலந்திருந்தாலும், முழு விளைச்சலுக்கான தொகையை முன்பணமாகக் கொடுப்பது என்று பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள், நாம் ராகி வாங்க வந்தோமா ஆராய்ச்சி செய்ய வந்தோமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாதிப் பேரின் பணம் போதுமானதாக இருந்ததால் விவாதம் அத்தோடு நின்றது.

எங்கள் குழுவில் ஒருவருடைய மகள் ராகியில் ஆய்வு செய்யும் மாணவி. அந்த அம்மாவின் ராகியைத் தாயாகவும் ஜி.பி.யு-28ஐத் தந்தையாகவும் வைத்து அவள் ஒட்டுச் சேர்த்துவிட்டாள். முதல் தலைமுறைச் செடிகள் சட்டியில் விளைந்து, இரண்டாம் தலைமுறை விதை ஓர் உறையில் இருக்கிறது. அது வெளியே போக வேண்டுமானால் அவளுடைய நிறுவனத்தில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். உழவர் ஒருவர் பிரிந்து விளையும் விதையைக் கேட்பது அவர்களுக்கு வழக்கமில்லாதது என்பதால் கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. சீராக்கிய பிறகு ஏழாம் தலைமுறையில் கொடுத்தால் போதாதா என்று ஒரு மேசையில் கேட்டிருக்கிறார்கள். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆடி விதைப்புக்குள் வந்தால் கிணற்று மேட்டுத் துண்டில் போடுவதாகவும், வராவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு போன் வைக்கும் முன், “ஆனா அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லிடு தம்பி, நல்லதுன்னு நெனச்சுப் பொறுக்கிச் சுத்தம் பண்ணிக் குடுத்துடப் போறா. கலந்தது கலந்தபடியே வரட்டும்” என்றார்.